காணாமப் போன வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த எபிசோடை ஜெகதாப்பட்டினத்துல இருந்து பதிவு பண்றேன். பழைய கடற்கரை ஊர்கள்ல ஒரு மேட்டைக் காட்டி, "இங்கதான் அந்தப் பெரிய வீடு இருந்துச்சு"ன்னு சொல்வாங்க. கண்ணுக்கு எதுவுமே தெரியாது. அப்போ அதை எப்படி உறுதி பண்றது?

கட்டபொம்மனோட மாளிகையை எடுத்துக்குங்க. 1799 அக்டோபர் 16ல அவரைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801ல ஊமைத்துரையும் தோத்த பிறகு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிச்சு, உழுது, ஆமணக்கு விதைச்சு, ஊர்ப் பெயரையே பதிவேடுகள்ல இருந்து நீக்கினதா கால்டுவெல் எழுதியிருக்கார். ஆனா அடித்தளம் மண்ணுக்குள்ளேயே இருந்துச்சு. 1968-69ல தமிழ்நாடு தொல்லியல் துறை அங்க அகழாய்வு பண்ணுச்சு. இன்னைக்கு நாம போட்டோ எடுத்துக்கிற கோட்டை, 1974ல அரசு கட்டின நினைவுக் கோட்டை. உண்மையான மாளிகை, பக்கத்துல இருக்கிற தாழ்வான செங்கல் வரிசைகள்தான்.

அமெரிக்காவுல செரோக்கி மக்களோட கதை வேற மாதிரி. 1838ல அவங்களை மேற்கே விரட்டினாங்க. அதுக்கு முன்னாடி, நஷ்டஈடு கணக்குக்காக அதிகாரிகள் அவங்க வீடு, வயல், பழமரம் எல்லாத்தையும் மதிப்புப் போட்டு எழுதி வெச்சாங்க. இன்னைக்குப் பூர்வீக வீட்டைத் தேடுறவங்களுக்கு அந்தப் பட்டியல்தான் பெரிய துணை. விரட்டினவங்க எழுதின காகிதமே வழி காட்டுது.

சரி, ஜெகதாப்பட்டினத்துக்கு வருவோம். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974 ஜனவரி 14ல புதுக்கோட்டை மாவட்டம் உருவானப்பதான் இந்தக் கரை தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்து பிரிஞ்சு வந்துச்சு. அதனால நூறு வருஷத்துக்கு முந்தைய ஆவணத்தைப் புதுக்கோட்டைப் பெயர்ல தேடினா கிடைக்காது, தஞ்சாவூர்ப் பெயர்லதான் தேடணும். அன்னைக்கு யார் ஆண்டாங்களோ, அவங்க கணக்குலதான் உங்க வீடு இருக்கும்.

உங்க குடும்ப வீட்டையும் இப்படித் தேடலாம். பழைய பத்திரத்துல நான்கெல்லை எழுதியிருக்கும்: கிழக்கே யார் மனை, மேற்கே எந்தத் தெரு, எந்தக் கிணறுன்னு. அதைக் கிராம வரைபடத்தோட ஒப்பிடுங்க. பழைய புல எண் இப்ப மாறியிருக்கலாம், அதையும் கேட்டுக்குங்க. அப்புறம் நேர்ல நடந்து பாருங்க. உடைஞ்ச ஓடு, செங்கல், தூர்ந்துபோன கிணறு, இதெல்லாம் சாட்சி.

ஆனா முதல் வேலை இது எதுவும் இல்லை. காகிதம் காப்பகத்துல காத்திருக்கும். "அந்த மேடுதான்"னு கை காட்டுற அப்பத்தா காத்திருக்க மாட்டாங்க. இந்த வாரமே போன் பண்ணிக் கேளுங்க, அவங்க சொல்றதைப் பதிவு பண்ணி வெச்சுக்குங்க.