வெட்டுப்புள்ளி அட்டவணையை எப்படிப் பார்ப்பது?

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் என்னிடம் வரும் தாய்மாரின் கைகளில் அநேகமாக இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று பிள்ளையின் பெறுபேறு. மற்றது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரியூசன் வகுப்பொன்று அச்சிட்ட துண்டுப்பிரசுரம். முதலாவது விளங்கவில்லை என்பார்கள். இரண்டாவதை அப்படியே நம்பிவிடுவார்கள். உண்மையில் கவனமாகப் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

முதலில் பெறுபேறு. "மூன்று பாடத்திலும் ஏ, ஏன் மருத்துவ பீடம் இல்லை?" என்று கேட்கிறார்கள். அனுமதி ஏ, பி, சி பார்த்து வழங்கப்படுவதில்லை. 2001 முதல் இசட் புள்ளியே கணக்கு. பௌதிகவியலில் நாட்டின் சராசரி 35, உயிரியலில் 50 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விலகல் 15. பிள்ளை இரண்டிலும் 65 எடுத்தால் பௌதிகவியலுக்கு இசட் 2, உயிரியலுக்கு 1 மட்டுமே. மற்றவர்களை விட எவ்வளவு தூரம் முன்னே நிற்கிறார் என்பதே அளவு. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளினதும் சராசரிதான் தாளில் இருக்கும் எண்.

வெட்டுப்புள்ளி என்பது சித்திப் புள்ளி அல்ல. அந்த வருடம், அந்த மாவட்டத்தில், அந்தப் பாடநெறிக்குக் கடைசியாகத் தெரிவான பிள்ளையின் புள்ளி அது. ஆகவே போன வருட அட்டவணை ஒரு குறிப்பு மட்டுமே, வாக்குறுதி அல்ல. ஒரு வருட எண்ணை வைத்து மனம் உடைய வேண்டாம், நான்கைந்து வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவத்தின் வரியோடு நின்றுவிடவும் வேண்டாம். அதே உயிரியல் பிரிவுப் புள்ளிக்குப் பல் மருத்துவம், மிருக வைத்தியம், தாதியியல், இயன்மருத்துவம், யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் என்று கீழே வேறு வரிகள் உண்டு.

எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்களுக்கு முக்கியமானது மாவட்ட நிரல். மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எல்லாம் அந்தப் பதினாறில் அடங்கும், கொழும்பு அடங்காது. 1970களின் தரப்படுத்தல் எங்கள் சமூகத்தில் விட்ட காயம் தெரிந்ததே. ஆனால் இன்று முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு ஒரு கைப்பிடி.

பிறந்த ஊரோ அடையாள அட்டையோ மாவட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. பொதுவாகப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டமோ அதுவே. கிளிநொச்சியில் படித்த பிள்ளையைச் சாதாரணதரத்தோடு கொழும்புக்குக் கூட்டிவந்தால் கொழும்பின் உயர்ந்த வெட்டுப்புள்ளியோடு போட்டியிட நேரலாம். அதற்காகத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆசிரியரும் வேண்டும், தாயும் பக்கத்தில் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். இடையில் பாடசாலை மாறிய பிள்ளைகளுக்குத் தனி விதிகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாங்கி அந்தப் பகுதியை வாசியுங்கள், விடுகைப் பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள். விளங்காவிட்டால் வார்ட் பிளேஸில் உள்ள அலுவலகத்திலேயே நேரே கேட்கலாம்.

இனி அந்தத் துண்டுப்பிரசுரம். "எமது வகுப்பிலிருந்து 30 பேர் மருத்துவ பீடத்துக்கு!" எத்தனை பேரில் முப்பது? நூறு பேரிலா, ஆயிரம் பேரிலா? அது அச்சிடப்படுவதில்லை. அவர்களில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே போனார்கள், எத்தனை பேர் மூன்றாம் தடவை? உயிரியலுக்கு ஒரு வகுப்பு, இரசாயனத்துக்கு இன்னொன்று என்று போன ஒரே பிள்ளையின் முகம் இரண்டு தாளிலும் சிரித்துக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் முகவர்களிடமும் இதே கேள்விதான். போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா, கணவர் இல்லாதவர், தாலிக்கொடியை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார். முகவர் சொன்னது "நூறு வீத அனுமதி". அனுமதி கிடைப்பது பெரிய விசயமில்லை, பணம் கட்டினால் பல இடங்களில் கிடைக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொள்கிறதா, போனவர்களில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், திரும்பி வந்து ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். முகவர் இன்னும் பதில் தரவில்லை. நகை அக்காவிடமே இருக்கிறது.