விழுந்தது பெரணி, அறுத்தது என் கம்பி

எங்கள் பள்ளி வேப்பமரத்தில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வளர்ந்திருந்தது முடவாட்டுக்கால். சேலம், நாமக்கல் ஆசிரியர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பழுப்பு ரோமம் போர்த்த ஆட்டுக்கால் போலக் குவித்து விற்பார்களே, அதுதான். சூப் வைக்கும் கிழங்கு என்றே பலரும் நினைக்கிறோம். அது கிழங்கன்று, ஒரு பெரணியின் மட்டநிலத்தண்டு. தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. மாணவர் ஒருவரின் தாயார் கொடுத்த ஒரு சாண் துண்டைப் பத்தாண்டுகளுக்கு முன் நான்தான் பலகையில் கட்டி, கிளையில் கம்பி சுற்றித் தொங்கவிட்டேன்.

போன மே மாதம் கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் கிளை முறிந்து பலகை கீழே விழுந்தது. கீழே இருப்பது பிள்ளைகள் மதிய உணவுக்கு உட்காரும் திண்ணை. விடுமுறைக் காலம், யாரும் இல்லை. திண்ணையின் சிமெண்ட் விளிம்பு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

“ஒட்டுண்ணிதானுங்களே சார், மரத்தோட சத்தையெல்லாம் உறிஞ்சிருச்சு” என்றார் உடன் பணிபுரியும் ஆசிரியர். பெரணி இருந்தது பலகையில். மரத்தை அது தொடவே இல்லை! நேராக மரத்தில் வளர்ந்திருந்தாலும் இது புல்லுருவி போன்றதன்று. புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்தி நீரை எடுத்துக்கொள்ளும். முடவாட்டுக்கால் தொற்றுத்தாவரம். பட்டையையோ பாறையையோ பிடித்துக்கொள்ள மட்டும் இடம் கேட்கும். உணவைத் தானே தயாரிக்கும்.

முறிந்த இடத்தைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. ஆண்டுதோறும் கிளை பருக்க, நான் சுற்றிய கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. கம்பிக்கு மேற்புறம் கிளை புடைத்தும், கம்பி இருந்த இடத்தில் குறுகியும் இருந்தது. இலைகளில் உருவாகும் உணவு புளோயம் வழியாகத்தான் இறங்கி வரும். அந்தப் பாதையைக் கம்பி இறுக்கியதால் உணவு மேலேயே தேங்கியிருக்கிறது, கீழே கிளை வலுவிழந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் படம் வரைந்து நடத்துகிற பாடம். என் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இடம் மாற்றுவதில் முதல் தவறு, மழை நின்றவுடன் தூக்க முயன்றது. இருவரால் அசைக்க முடியவில்லை. இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலைகள். நீண்ட பச்சை இலைகள் வெயில் காலத்தில் உதிரும். அடியில் ஓடு போல ஒட்டியிருக்கும் பழுப்பு இலைகள் காய்ந்தும் உதிராது. அவை கூடை போலச் சருகையும் தூசியையும் பிடித்து மட்கச் செய்யும். மண்ணில்லாத இடத்தில் அதுவே மண். மழை பெய்தால் அத்தனையும் நீரைக் குடித்துவிடும். காய்ந்த இலைதானே என்று அவற்றைப் பிய்த்து எறிவது செடியின் சோற்றுப் பானையை உடைப்பது போல.

பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளி எடை போடும் தராசை இரவல் வாங்கினோம். அன்று 23 கிலோ. நிழலில் சாய்த்து வைத்து நான்கு நாள் கழித்து நிறுத்தபோது 15. குறைந்த 8 கிலோவும் தண்ணீர், அதாவது 8 லிட்டர். காய்ந்த நாளில் தொங்கவிட்டுப் பார்த்து “தாங்குகிறது” என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் விளங்கியது. காற்றில் ஆடும்போது கிளைக்கு வரும் இழுவை இதற்கும் மேல்.

கோணிச்சாக்கை விரித்து, பலகையை அதன்மேல் கிடத்தி, பெரியவர்கள் நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக் கொண்டுபோனோம். மாணவர்களை இந்த வேலைக்கு அழைக்கவில்லை. மீண்டும் மரத்தில் மாட்டும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். கட்டடத்தின் வடபுறம், வெயில் நேராகப் படாத இடத்தில் இரண்டு கல்லுக்கால் நட்டு, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகையை அவற்றோடு போல்ட் போட்டு முடுக்கினோம். பெயர்ந்த தண்டுகளைச் சைக்கிள் டியூப் பட்டையால் கட்டினேன். டியூப் நெகிழும், தண்டை அறுக்காது. செம்புக் கம்பி கூடாது. செம்பு பெரணிக்கு நஞ்சு.

சத்துணவு சமைக்கும் அக்கா வந்து பார்த்துவிட்டு, “ஒடஞ்ச துண்டையாச்சும் குடுங்க சார், மூட்டு வலிக்கு சூப்பு வெக்கறேன்” என்றார். கொடுக்கவில்லை. அதையும் ஒரு சிறு பலகையில் தேங்காய் நார் வைத்துக் கட்டியிருக்கிறேன். மலையில் விற்பனைக்காகப் பெயர்த்தெடுக்கும் அளவைப் பார்த்தால், ஒரு துண்டையாவது வளர விடலாமே என்று தோன்றியது.

பலகை உயரத்தில் இருந்தவரை இலையின் அடிப்பக்கத்தை எந்த மாணவரும் பார்த்ததில்லை. ஜூலையில் புதிய இலைகள் விரிந்தன. இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் குனிந்து, பின்புறத்தில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகளைக் கைக்கண்ணாடி வைத்து எண்ணுகிறார்கள். அவை வித்தகத் தொகுதிகள். “இலைக்கு நோய் வந்திருச்சுங்களா சார்?” என்று கேட்ட மாணவி, ஒரு இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்து, மறுநாள் தாளில் படிந்திருந்த தூளைக் கொண்டுவந்து காட்டினாள்.