குருதிக்குழாய் நோயில் கால் அகற்றல்

குருதிக்குழாய் நோயில் கால் அகற்றல் என்பது, தமனிகள் அடைபட்டுக் குருதியோட்டம் குறைந்ததால் திசுக்கள் இறந்துபோன காலின் ஒரு பகுதியை அறுவை மருத்துவத்தின் மூலம் நீக்குதல் ஆகும். விபத்தில் காலை இழப்போர் பெரும்பாலும் இளையோர். அவர்களின் ஏனைய உறுப்புகள் பொதுவாக நலமாக இருக்கும். குருதிக்குழாய் நோயாளிகளோ பெரும்பாலும் முதியோர். காலின் தமனிகளை அடைத்த அதே நோய் அவர்களுடைய இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் தமனிகளிலும் இருப்பது வழக்கம். எனவே இவ்வறுவையின் விளைவுகள் புண் ஆறுவதோடு முடிந்துவிடுவதில்லை.

காரணங்கள்

தமனித்தடிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியன முதன்மைக் காரணங்களாகும். நீரிழிவு நரம்புகளையும் தாக்குவதால் பாதத்தில் உணர்வு குன்றுகிறது; சிறு காயமும் நோயாளி அறியாமலேயே ஆழ்ந்த புண்ணாக மாறக்கூடும். புகையிலையோடு தொடர்புடைய பர்கர் நோய் இளம் வயதினரிடமும் காணப்படுகிறது. பலூன் சிகிச்சையாலோ மாற்றுவழி அறுவையாலோ குருதியோட்டத்தை மீட்க இயலாதபோதும், அழுகலும் தொற்றும் உயிருக்கு இடராகும்போதும் கால் அகற்றப்படுகிறது.

அகற்றும் மட்டம்

எந்த மட்டத்தில் அகற்றுவது என்பதே முதன்மையான முடிவு ஆகும். மேலே செல்லச் செல்லக் குருதியோட்டம் நன்றாக இருப்பதால் புண் எளிதில் ஆறும். ஆனால் நடக்கும் திறன் குறையும். முழங்காலுக்குக் கீழ் அகற்றியவர்களில் ஒரு பகுதியினருக்குப் புண் ஆறாமல் முழங்காலுக்கு மேல் மீண்டும் அறுவை செய்ய நேர்கிறது. ஆயினும், முழங்கால் மூட்டைக் காக்கவே மருத்துவர்கள் இயன்றவரை முயல்கின்றனர்.

இதன் காரணம் ஆற்றல் செலவில் உள்ளது. குருதிக்குழாய் நோயாளி ஒருவர் செயற்கைக் காலுடன் நடக்க, முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டிருந்தால் இயல்பைவிட ஏறத்தாழ 40 விழுக்காடும், மேல் அகற்றப்பட்டிருந்தால் ஏறத்தாழ 100 விழுக்காடும் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. நலிந்த இதயம் இச்சுமையைத் தாங்குவது கடினம். இதனால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்ட முதியோர் பலர் சக்கர நாற்காலியையே சார்ந்து வாழ்கின்றனர்.

உயிர் பிழைப்பு

அறுவையை அடுத்த நாட்களில் மாரடைப்பு, நுரையீரல் அழற்சி, குருதி நச்சுப்பாடு ஆகியவற்றால் இறப்பு நேரக்கூடும். இந்த இடர் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டவர்களிடம் அதிகம். பல ஆய்வுகளில், பெரிய அளவில் கால் அகற்றப்பட்ட இத்தகைய நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துள்ளனர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளின் நிலை இதனினும் மோசமானது. இவ்விறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் கால் இழப்பு அன்று. உடல் முழுவதும் பரவியுள்ள தமனி நோயே ஆகும்.

வலியும் மூட்டு இறுக்கமும்

அகற்றப்பட்ட கால் இன்னும் இருப்பது போன்ற உணர்வும், அதில் வலியும் பலருக்குத் தோன்றுகின்றன. இது மாய உறுப்பு வலி எனப்படும். அமெரிக்க மருத்துவர் சைலசு வெயர் மிட்செல் 1871 இல் மாய உறுப்பு என்னும் பெயரை வழங்கினார். தமிழகத்தில் பிறந்த நரம்பியலாளர் வி. எசு. இராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிச் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். எஞ்சியுள்ள காலின் கீழ் தலையணை வைத்து நீண்ட நேரம் படுத்திருந்தால் முழங்காலும் இடுப்பு மூட்டும் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பின்னர் செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகும். இதைத் தவிர்க்கவே குப்புறப் படுத்தலும் மூட்டுப் பயிற்சிகளும் கற்பிக்கப்படுகின்றன.

மற்றைய கால்

ஒரு காலை இழந்தவரின் மற்றைய காலிலும் அதே நோய் இருப்பதால், அதையும் இழக்கும் இடர் உண்டு. முழு உடற்பாரத்தையும் தாங்கும் அப்பாதம் எளிதில் புண்படுகிறது. நாள்தோறும் பாதத்தைப் பார்வையிடல், பொருத்தமான காலணி அணிதல், புகையிலையை முற்றிலும் விடுதல், சர்க்கரை அளவையும் குருதி அழுத்தத்தையும் கட்டுப்படுத்தல் ஆகியன இன்றியமையாதவை. குருதித் தட்டுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகளும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை மற்றைய காலை மட்டுமன்றி, இதயத்தையும் மூளையையும் காக்க உதவுகின்றன.