பயண நேரம் நீங்கலாக

நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறைக் கோட்டுக்கு வருகிற ஒருவரின் நாள் கோழி கூவ முன்னமே தொடங்கிவிடும். இருட்டோடு எழும்பி இறங்குதுறைக்கு வந்து, படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் ஆடி, குறிகாட்டுவானில் இறங்க வேண்டும். அங்கே நிற்கிற பஸ்ஸைப் பிடித்துப் புங்குடுதீவைக் கடந்து, பாலத்தால் வேலணைக்கு வந்து, வங்களாவடிச் சந்தியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கடல் பெலத்தால் படகே ஓடாது. நயினாதீவு ஆக்களுக்குக் கடற்பயணம் கால்மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சப் பாதை அவர்களுக்கும் இதேதான்.

நான் நயினாதீவில் பிறந்தவள். நீதிமன்ற எழுதுவினைஞராக 28 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரு கோட்டில் நேரம் தவறினால் அது ஆருடைய தலையில் போய் விடிகிறது என்பதை உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியே வாங்கிலில் இருந்தும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நீதிமன்ற ஊழியர்களும் அரச ஊழியர்கள்தான். தாபன விதிக்கோவை எங்களுக்கும் உண்டு. காலையில் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். குறித்த நேரம் கடந்ததும் அதில் சிவப்புக் கோடு விழும். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவர். அது பழக்கமானால் லீவில் கழிப்பார்கள், விளக்கம் கேட்டுக் கடிதமும் வரும். இப்போது பல கந்தோர்களில் விரல் அடையாள இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் கச்சேரியில் இருப்பவருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பதிவாளர், பிஸ்கால், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், எழுதுவினைஞர் எல்லாரும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் ஒழுக்காற்று அதிகாரத்துக்குள் வருகிறவர்கள். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் சேர்ந்ததுதான் அந்த ஆணைக்குழு. நீதவானையும் மாவட்ட நீதிபதியையும் நியமிப்பதும் இடம் மாற்றுவதும் விசாரிப்பதும் அதே ஆணைக்குழுதான். ஆசனத்தில் இருப்பவரும் வழக்கேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரும் ஒரே கதவின் முன்னால் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதை நான் எப்போதும் பெருமையாகவே நினைத்திருக்கிறேன்.

நீதவானுக்குச் சிவப்புக் கோடு கிடையாது. அவருடைய நேரத்தை அவருடைய சத்தியப்பிரமாணமும் மனச்சாட்சியும்தான் காக்க வேண்டும். உலக அளவில் அதற்கு எழுதப்பட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. பெங்களூர்க் கோட்பாடுகள் என்பார்கள். 2001இல் பெங்களூரில் வரையப்பட்டு, 2002இல் ஹேக் நகரில் திருத்தி முடிக்கப்பட்டது. அதை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டவரான சீ. ஜீ. வீரமந்திரி, சர்வதேச நீதிமன்றத்தின் உபதலைவராக இருந்தவர். சுதந்திரம், பக்கச்சார்பின்மை, நேர்மை, ஒழுக்கம், சமத்துவம், திறமையும் ஊக்கமும் என்று ஆறு பெறுமானங்களை அது சொல்கிறது. கடைசியில் சொன்ன ஊக்கத்துக்குள்தான் நேரம் வருகிறது. அதற்குப் பின்னர் எழுதப்பட்ட விளக்கவுரை, நீதிபதி நேரத்துக்கு ஆசனத்தில் அமர வேண்டும், ஒழுங்கற்ற நேரம் தாமதத்தை வளர்ப்பதோடு நீதிமன்றத்தைப் பற்றியே கெட்ட எண்ணத்தை உண்டாக்கும் என்று நேராகவே சொல்கிறது. வழக்குக்கு வருகிறவர்களிடம் பொறுமையும் மரியாதையும் காட்ட வேண்டும், தன் அலுவலர்களும் அப்படி நடக்கும்படி நீதிபதி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் கோட்பாட்டிலேயே இருக்கிறது.

ஒரு கோட்டின் காலை எப்படி நகர்கிறது என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைய வழக்கேடுகளை முதல் நாள் பின்னேரமே அறையிலிருந்து எடுத்து, வரிசைப்படுத்தி, முந்திய தவணையில் என்ன கட்டளை போடப்பட்டது, அது நிறைவேறியதா, அழைப்பாணை சேர்ப்பித்த பிஸ்காலின் அறிக்கை வந்ததா என்று பார்த்து வைக்க வேண்டும். காலையில் விளக்கமறியலில் இருப்பவர்களைச் சிறைச்சாலை பஸ்ஸில் கொண்டுவருவார்கள். பொலிஸார் அறிக்கைகளோடு நிற்பார்கள். சட்டத்தரணிகளில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வருகிறவர்கள், சிலருக்கு அன்றைக்கே இன்னொரு கோட்டிலும் வழக்கு இருக்கும். இதில் ஒருத்தர் பிந்தினாலும் எல்லாம் பிந்தும். ஒரு வழக்கேட்டை நான் எடுத்து வைக்க மறந்தால், அந்த வழக்கு "பிறகு எடுப்பம்" என்று ஒதுக்கப்படும். அந்தப் பிறகு மத்தியானத்துக்குப் பிறகாகத்தான் இருக்கும்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கோடு, எந்த வருடம் என்பது வேண்டாம். நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவ. வேலி வழக்கு ஒன்றுக்காக வந்திருந்தா. விடியப்புறம் ஆடுகளைக் கட்டிவிட்டு, பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, நெடுகப் பயணப்பட்டு நேரத்துக்கே வந்து வாங்கிலில் குந்திவிட்டா. அன்றைக்கு ஆசனம் கூடியபோது பதினொரு மணி. ஏன் பிந்தியது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவவின் வழக்கைக் கூப்பிடப் பின்னேரம் மூன்றாகப் போயிற்று. எதிராளியின் சட்டத்தரணி அதற்குள் வேறு கோட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாதத்துக்குத் தவணை போட்டார்கள். குறிகாட்டுவானுக்கு அவ போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகு போய்விட்டது. புங்குடுதீவில் தெரிந்த வீடொன்றின் திண்ணையில் படுத்துவிட்டு அடுத்த நாள் போனா. "பிள்ளை, ஆடு ராவெல்லாம் தண்ணியில்லாமல் கத்தியிருக்கு, பக்கத்து வீட்டுக்காரி சொன்னவ" என்று என்னிடம் சொன்னா. வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அந்தக் கோட்டில் வேலை செய்யவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவ பிந்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் தெளிவாக இருக்கிறது. விளக்கத்துக்குக் குறித்த நாளில் வழக்காளி தோன்றாவிட்டால் வழக்குத் தள்ளுபடி. எதிராளி தோன்றாவிட்டால் ஒருதலையாக விளங்கித் தீர்ப்புக் கொடுக்கலாம். அந்தத் தீர்வையைக் கையில் சேர்ப்பித்து 14 நாளுக்குள் தகுந்த காரணம் காட்டினால்தான் அதை நீக்கக் கேட்கலாம். குற்ற வழக்கில் பிணையில் நிற்கிறவர் வராவிட்டால் பிடியாணை. படகு ஓடாதது தகுந்த காரணம்தான், நீதிபதிகள் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதைச் சொல்லுவதற்கும் ஆள் திரும்பவும் கடல் கடந்து வர வேண்டும், சட்டத்தரணிக்குத் திரும்பவும் காசு கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குச் சட்டத்தின் ஒரு வரி நினைவுக்கு வரும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவு. பிடியாணை இல்லாமல் பிடித்த ஒருவரைப் பொலிஸார் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், பிடித்த இடத்திலிருந்து வருவதற்கு வேண்டிய பயண நேரம் நீங்கலாக. சட்டத்தை எழுதியவர்கள் தூரத்தை நினைத்திருக்கிறார்கள். நெடுந்தீவுப் பொலிஸாருக்கு அந்தக் கடல் கணக்கில் கழிகிறது. வழக்குக்கு வருகிற கிழவிக்கும் அதைக் கழித்துப் பார்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

நீதவான்மாரின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பிழை. அந்த 24 மணி நேரக் கணக்கு அவர்களைத் தூங்க விடாது. பின்னேரம் கோடு கலைந்த பிறகும் சந்தேக நபர்களை வாசஸ்தலத்துக்குக் கொண்டுவருவார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபடுகிற தமிழக மீனவர்களைப் பல தடவை ஊர்காவற்றுறை நீதவான் முன்தான் நிறுத்துகிறார்கள். திடீர் மரணம் நடந்த இடத்துக்குப் போக வேண்டியும் வரும். இரவு இரண்டு மணிக்குக் கட்டளை எழுதினவர் காலையில் பத்து நிமிடம் பிந்தினால் மனுசர் விளங்கிக்கொள்வார்கள். பிந்தும் என்று பதிவாளர் வந்து ஒரு வார்த்தை சொன்னாலே போதும். வாங்கிலில் இருக்கிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். எங்கள் கோடுகளில் அந்த ஒரு வார்த்தைதான் அநேகமாக இல்லாமல் இருந்தது.

இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி யூ. யூ. லலித் 2022 ஜூலையில் வழமையான பத்தரைக்குப் பதிலாக ஒன்பதரைக்கே தன் அமர்வைத் தொடங்கினார். பிள்ளைகள் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் ஒன்பதுக்கு வரக்கூடாதா என்று கேட்டார். அதைப் பேப்பரில் வாசித்தபோது நான் நெடுந்தீவுப் படகைத்தான் நினைத்தேன்.

நடத்தை என்றால் நேரம் மட்டும் அல்ல. தீவுகளில் வேலை செய்கிறவருக்கு உறவே பெரிய சோதனை. வழக்காளி ஒன்றுவிட்ட சித்தப்பா, எதிராளி கூடப் படித்தவளின் தமையன். ஒரு முறை வயது போன ஐயா ஒருவர் தாபரிப்பு வழக்கொன்றின் தீர்ப்புப் பிரதி எடுக்க வந்தார். மகளின் வழக்கு. பிரதியைக் கொடுத்ததும் உரப்பை ஒன்றை மேசைக்குக் கீழே தள்ளினார். உள்ளே புழுக்கொடியல், நல்ல வெள்ளையாகக் காய்ந்தது.

"பிள்ளை, எங்கடை வளவுப் பனை. வச்சுக்கொள்ளுங்கோ."

"ஐயா, கோட்டிலை வேலை செய்யிற ஆக்கள் வாங்கக்கூடாது."

"இது என்ன லஞ்சமோ? நன்றிக்குத் தாறன்."

அவர் சொன்னது உண்மை. அன்பளிப்புத்தான். ஆனால் அன்றைக்கு இருந்த 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் சரி, அரச ஊழியர் செய்த கடமைக்காகப் பெறுகிற வெகுமதியை மனதின் நல்லெண்ணத்தால் அளப்பதில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றவர்களும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். பஸ் நிற்கிற இடம் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு மனம் நொந்தது எனக்குத் தெரியும்.

நான் வேலை செய்த இடங்களில் ஒன்றில் ஒரு நீதவான் இருந்தார். கோட்டு ஆராய்ச்சியார் எல்லாரையும் எழும்பச் சொல்லும்போது மணிக்கூட்டு முள் நேரத்தில் நிற்கும். அமர்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "படகிலை வந்த ஆக்கள் ஆர் இருக்கினம்?" அவர்களின் வழக்கேடுகள் மேலே வரும். அவர் காலத்தில்தான் நான் நெடுந்தீவு, நயினாதீவுப் படகு நேரங்களை ஒரு தாளில் எழுதி வழக்கேட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். நேரம் மாறும்போது வெட்டித் திருத்துவேன். தீவார் ஒருவர் வராத நாளில், பிடியாணை போட முன்னர் அவர் என் பக்கம் பார்ப்பார். நான் துறைக்கு எடுத்துக் கேட்டுச் சொல்லுவேன்.

ஓய்வு பெற்று நாலாவது மாதம், வாடை எழும்பிய ஒரு காலை. என் இடத்துக்கு வந்த பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, துறையிலை ஒருத்தரும் எடுக்கினமில்லை. இண்டைக்கு நெடுந்தீவுப் படகு வெளிக்கிட்டதோ?"

முற்றத்துக்கு இறங்கிக் கடலைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"இல்லைப் பிள்ளை, ஓடேல்லை. போய்ச் சொல்லு."