எல்.இ.டி. விளக்கின் ஆயுளும் பற்றாசுப் பணியும்

2015 ஜனவரி 5 ஆம் நாள் தொடங்கப்பெற்ற உஜாலா திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் நாட்டு மக்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. அதே நாளில் தொடங்கப்பெற்ற தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் நகராட்சிகள் பலவும் பழைய விளக்குகளை அகற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தின. இவ்விளக்குகளால் மின்சாரம் மிச்சமாகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றின் விலையை ஈடுசெய்யும் அளவுக்கு அவை நீண்ட நாள் எரிந்தால்தான் திட்டக் கணக்கு நிறைவேறும். இரவுதோறும் எரியும் தெருவிளக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் எரிகிறது. 50,000 மணி நேர ஆயுளை எதிர்பார்த்து வாங்கிய விளக்கு இரண்டே ஆண்டுகளில் மங்கினால் இழப்பு பொதுப்பணத்திற்கே.

நல்ல எல்.இ.டி.யும் இவ்வாறு மங்குவதுண்டு. அதைச் சுற்றுப்பலகையில் ஒட்டவைத்த முறையிலுள்ள குறை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

வெப்பம் செல்லும் வழி

பழைய இழை விளக்கு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்வீச்சாக முன்புறமே வெளியேற்றிவிடும். எல்.இ.டி.யோ ஒளியை முன்னே செலுத்தி, வெப்பத்தைப் பின்புறம் தேக்குகிறது. அவ்வெப்பம் அடிப்பகுதியிலுள்ள பற்றாசு வழியாகப் பலகைக்கும், பலகையிலிருந்து உலோக உறைக்கும், உறையிலிருந்து காற்றுக்கும் செல்லவேண்டும். ஆகவே, சால்டர் எனப்படும் பற்றாசு இங்கு மின்னிணைப்பாக மட்டுமன்றி, வெப்பம் கடக்கும் பாலமாகவும் விளங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் எல்.இ.டி. 2 வாட் வெப்பத்தை உண்டாக்குவதாகக் கொள்வோம். வெப்பப் பாதையின் தடை வாட்டுக்கு 20 டிகிரி எனில், சுற்றுப்புறத்தைவிட அதன் உட்பகுதி 40 டிகிரி மிகுதியாகச் சூடேறும். சுற்றுப்புறம் 40 டிகிரி செல்சியஸ் ஆனால் உட்பகுதி 80 டிகிரியில் இருக்கும். ஒட்டுதலின் குறையால் தடை இருமடங்கானால் அதே எல்.இ.டி. 120 டிகிரியை எட்டும். வெப்பம் மிக மிக ஒளி குன்றும், ஆயுளும் குறையும்.

பலகையும் பற்றாசும்

வானொலிப் பெட்டி போன்றவற்றில் பயன்படும் கண்ணாடி இழைப் பலகை வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே, பேரொளி எல்.இ.டி.களுக்கு அலுமினியப் பலகை பயன்படுத்தப்படுகிறது. அலுமினியத் தகட்டின்மீது மெல்லிய மின்காப்புப் படலமும், அதன்மேல் செப்புப் படலமும் அமைந்திருக்கும்.

செப்புத் திட்டுகளின்மீது துளையிட்ட எஃகுத் தகட்டை வைத்து, பற்றாசுப் பசை பூசப்படுகிறது. பசை மிகுந்தால் எல்.இ.டி. மிதந்து சாய்ந்துவிடும், குறைந்தால் இணைப்பு முழுமை பெறாது. பரவலாகப் பயன்படும் காரீயமற்ற பற்றாசில் 96.5 விழுக்காடு வெள்ளீயமும், 3 விழுக்காடு வெள்ளியும், 0.5 விழுக்காடு செம்பும் உள்ளன. இது ஏறத்தாழ 217 டிகிரியில் உருகத் தொடங்கும். பலகை சூளையினுள் படிப்படியாகச் சூடேற்றப்பட்டு, 240 டிகிரி அளவில் சிறிது நேரம் நிறுத்தப்பட்டபின் சீராகக் குளிர்விக்கப்படுகிறது.

நேரக்கூடிய குறைகள்

முதலாவது, பற்றாசினுள் தங்கும் காற்றுக் குமிழ்கள். இவை வெப்பப் பாதையை அடைத்துவிடும். ஊடுகதிர்ப் படத்தால்தான் புலப்படும். இரண்டாவது, ஈரம். பொதி திறந்து நெடுநேரம் கிடந்த எல்.இ.டி. ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூளையில் அது ஆவியாகி உறையைப் பிளக்கும். மூன்றாவது, கையாளும் முறை. மேலுள்ள சிலிக்கோன் வில்லை மென்மையானது; ஆதலின் இடுக்கியால் பக்கவாட்டில்தான் பிடிக்கவேண்டும். பணியாளரின் உடலில் தேங்கும் நிலைமின்னும் உட்பகுதியைப் பழுதாக்கக்கூடுமாதலால் புவித்தொடர்புள்ள மணிக்கட்டுப் பட்டை அணிவது இன்றியமையாதது.

பழுது நீக்கும் சிறு பட்டறைகளில் வேறொரு இடர்ப்பாடு உண்டு. பற்றவைக்கும் கோலின் வெப்பத்தை அலுமினியப் பலகை உடனுக்குடன் ஈர்த்துக்கொள்வதால் பற்றாசு அரைகுறையாகவே உருகும். பலகையை அடியிலிருந்து சூடுதட்டில் வைத்துச் சூடேற்றுவதே இதற்கு ஏற்ற முறையாகும்.

தெருவிளக்கு இரவில் சூடேறுகிறது, பகலில் குளிர்கிறது. அலுமினியம் விரியும் அளவு, சில எல்.இ.டி.களின் அடித்தளமான பீங்கானைப்போல் மும்மடங்கு. ஆகவே, ஒவ்வொரு நாளும் இடையிலுள்ள பற்றாசு இழுபடுகிறது. தொடக்கத்திலேயே குறையுடைய இணைப்பு விரைவில் விரிசல் காண்கிறது.

செய்யத்தக்கவை

விளக்குகளை வாங்கும் அலுவலர் வாட், லூமென், விலை ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. விளக்கு நெடுநேரம் எரிந்தபின் பற்றாசு இணைப்பின் அருகே வெப்பநிலை எவ்வளவு என்றும் கேட்கவேண்டும். அதை வெப்பமின் இணையால் அளந்து, எல்.இ.டி. தயாரிப்பாளர் குறித்துள்ள வரம்போடு ஒப்பிடுவது கடினமன்று. தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களும் இந்த அளவீட்டைப் பழகிக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பற்றாசுப் படலத்தில் காட்டும் கவனமே, தெருவில் பல்லாண்டு நிலைக்கும் வெளிச்சத்திற்கு அடிப்படையாகும்.