கொட்டாத தேனீயின் பிசின் வாசல்

மஸ்ஜித் தானா பக்கம் பழைய பால்மரமோ பலாவோ பொந்து விழுந்து நின்றால், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பட்டையிலிருந்து கருப்பாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கலாம். அதன் விளிம்பில் எட்டிப் பார்ப்பவை ஈக்கள் அல்ல, காவல் தேனீக்கள். மலாய்க்காரர்கள் இதைக் கெலுலுட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்று பெயர்.

நம் நாட்டில் பலரும் வளர்ப்பது ஹெட்டெரோட்ரைகோனா இத்தாமா என்ற இனம். உடல் முழுக்கக் கருப்பு, நீளம் அரிசி மணி அளவுதான். இதைவிடப் பெரிய ஜெனியோட்ரைகோனா தொராசிக்காவுக்கு மார்பு செம்பழுப்பாக இருக்கும். கொடுக்கு பயன்படாத அளவுக்குச் சுருங்கிவிட்டதால் இவை கொட்டுவதில்லை. அதற்காகச் சாது என்று நினைத்துவிடாதீர்கள்! கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும்.

மரப்பிசினைப் பின்னங்காலில் சுமந்து வந்து மெழுகோடு குழைத்துத்தான் வாசல் முதல் தேன் குடம் வரை எல்லாம் கட்டுகின்றன. ஆம், குடம்தான். அறுகோண அடை கிடையாது. தேனில் நீர் அதிகம், புளிப்பும் உண்டு. இந்தத் தேனுக்கென்றே 2017இல் எம்எஸ் 2683 என்ற மலேசியத் தரநிலை வந்தது. டிரெகலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை இதில் நிறைய இருப்பதாக 2020இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஆய்வில் மலேசியத் தேனும் இருந்தது.

தேனுக்கு விலை ஏற, காட்டுமரத்தை வெட்டிக் கூட்டோடு துண்டாக விற்பதும் தொடங்கியது. மற்ற தேனீக்களைப் போல இவை கூட்டத்தோடு பறந்து தப்ப முடியாது. முட்டையிடும் ராணிக்கு வயிறு பெருத்துவிடுவதால் பறக்க வராது. புதுக்கூடு அமைவதும் மெல்லத்தான். வேலைக்காரத் தேனீக்கள் முதலில் இடம் பார்த்து, தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் உணவும் சுமந்து போய் வீட்டைத் தயார் செய்தபின் இளம் ராணி குடியேறும். சீதனம் கொடுத்து மகளைத் தனிக்குடித்தனம் வைப்பது போலத்தான்! அதற்கும் பக்கத்திலேயே இன்னொரு பொந்து வேண்டும். மறுநடவுக்காகக் கிழட்டுப் பால்மரங்களைச் சாய்த்தபின் வரும் இளங்கன்றில் பொந்து ஏது?

வீட்டு மரத்தில் அந்தக் குழாயைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்றால், கூடு உள்ள பகுதிக்கு மேலும் கீழும் தள்ளி அறுத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். மரத்தில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதுவே மேலே இருக்கட்டும். கவிழ்த்தால் குடங்கள் உடைந்து, தேன் குஞ்சறைகளில் வழிந்துவிடும்.