வேன் கூரையில் வியர்ப்பது ஏன்?

ஜெர்மனியின் குளிர்கால இரவொன்றில் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனில் படுத்தெழுந்தால், விடிகாலையில் நெற்றியில் சொட்டுச் சொட்டாக நீர் விழும். கூரையில் ஓட்டை இருக்காது. இரவெல்லாம் நாம் விட்ட மூச்சுதான் அது.

20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்கமுடியும். 5 டிகிரியில் 7 கிராம்கூட இருக்காது. குளிர்ந்த தகரத்தில் பட்டதும் மிச்சம் நீராகிறது. அடுப்பும் சேர்ந்துகொள்ளும்: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி!

உள்பலகையைக் கழற்றினால் பழைய கண்ணாடிப் பஞ்சு ஈரத்துணிபோலக் கனக்கும். பின்னால் தகரம் செந்துரு பூத்திருக்கும். மறுபடி பஞ்சைத் திணிக்காதீர்கள், தயவுசெய்து. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் விரிப்பை இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக அடைபட்டிருப்பதால் நீராவி எளிதில் ஊடுருவாது. இரும்புச் சட்டங்களையும் மூடவேண்டும். ஃபோமைவிட எஃகு ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், விட்ட இடத்தில் வியர்க்கும்.

கதவடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். படுக்கும்போது கூரைச் சன்னல் ஒரு விரற்கடை திறந்தே இருக்கட்டும்.